இருபத்திரண்டாவது வரி

அந்த மருத்துவமனையின் பழைய கட்டடத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது காலை ஒன்பது மணி. லிஃப்ட் பழுது. மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க நின்று, 'தூக்க ஆய்வுப் பிரிவு' என்ற பலகைக்குக் கீழே இருந்த கதவைத் தள்ளினாள். ஃபினாயில் நெடி முகத்தில் அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை. ஈரம் காயாத துணியை மடித்து வைத்தால் வருமே, அது.

"வாங்க மேடம். புள்ளி போட வந்தவங்கதானே?" என்றார் வார்டுப் பொறுப்பிலிருந்த சிஸ்டர். ஐம்பது வயதிருக்கும். சிரித்த முகம், ஆனால் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை.

புள்ளியியல் படித்தவள் என்பதைத்தான் சிஸ்டர் அப்படிச் சொன்னார். மத்தியானத்துக்குள் வார்டு முழுக்க அவளுக்குப் 'புள்ளி மேடம்' என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்தப் பெயரும் பொருத்தம்தான். எட்டு வருடங்களாக அங்கே தங்கிய முந்நூற்றுச் சொச்சம் நோயாளிகள் தினமும் காலையில் ஒரு படிவம் நிரப்பியிருக்கிறார்கள். தூக்கம் வர எவ்வளவு நேரமானது, நடுவில் எத்தனை முறை விழிப்பு, கவலை, எரிச்சல், பசியின்மை என்று இருபத்தொரு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலுக்குள் ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். அந்த எண்களை வைத்து அவள் வலைப்பின்னல் வரைவாள். ஒவ்வொரு தொந்தரவும் ஒரு புள்ளி. சேர்ந்தே வருகிற தொந்தரவுகளுக்கு நடுவே ஒரு கோடு. உறவு நெருக்கமானால் கோடு தடிக்கும். எந்தப் புள்ளி மற்றவற்றைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறது என்று தெரிந்தால், மருத்துவர்கள் முதலில் அதன்மேல் கை வைக்கலாம்.

"எனக்கு முன்னாடி இருந்தவர் ஏன் பாதியில போயிட்டார்?" என்று கேட்டாள்.

"சொந்தக் காரணம்" என்றார் சிஸ்டர், கேள்வி முடிவதற்குள்.

அந்த அவசரம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் படம் தயாரானது. கேள்விகள் இருபத்தொன்று. திரையில் புள்ளிகள் இருபத்திரண்டு.

கூடுதலாக வந்த புள்ளிக்குப் பெயர் இல்லை. நட்டநடுவில் நின்றது. மற்ற இருபத்தொன்றுக்கும் அதிலிருந்து கோடுகள் போயின, ஒவ்வொன்றும் கயிறு மாதிரித் தடிமனாக. நாள் வரிசைப்படி பார்த்தாள். முதலில் அந்தப் பெயரில்லாத புள்ளி வருகிறது. மறுநாள் தூக்கம் போகிறது. அதற்கப்புறம் கவலை, பயம், அழுகை எல்லாம் பின்னாலேயே வரிசை கட்டி வருகின்றன.

எண்களைக் கணினியில் ஏற்றும் எழுத்தரிடம் போய் நின்றாள். "இந்தக் கடைசிப் பத்தி எங்கேருந்து வந்துது?"

"பேப்பர்ல இருக்கறதத்தான் நான் ஏத்தறேன் மேடம்" என்றார் அவர், தலையைத் தூக்காமல். "அதிகப்படியா ஒண்ணும் எனக்குத் தெரியாது."

தெரியாதவர் ஏன் தலையைத் தூக்கவில்லை?

படிவக் கட்டுகளை இறக்கிப் பார்த்தாள். இருபத்தோராவது கேள்விக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. அச்சகத்துக்காரன் தவறு போலும். கேள்வி இல்லை, 0 1 2 3 4 என்ற எண்கள் மட்டும். ஆனால் அந்த எண்களில் ஒன்றை எல்லோரும் வட்டமிட்டிருந்தார்கள்.

கேட்காத கேள்விக்கு முந்நூறு பேர் பதில் சொல்லியிருந்தார்கள்.

பெரும்பாலும் பூஜ்யம். சரி, கை போன போக்கில் போட்டிருப்பார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் சமீபத்தில் ஒரு மூன்று வாரம் நீங்கலாக, எந்த நாளை எடுத்தாலும் ஒரே ஒருவர்தான் பூஜ்யத்தைத் தாண்டியிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஏறி, நாலிலேயே நிற்பார். திடீரென்று ஒருநாள் பூஜ்யம். அன்றோடு அவருக்குத் தூக்கம் வந்துவிடும். அன்றே பக்கத்துக் கட்டில்காரருக்கோ எதிர்க் கட்டில்காரருக்கோ ஒன்று தொடங்கும். ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொண்ட மாதிரி. கணக்கு இத்தனை சுத்தமாக இருந்தால் யாரோ அதில் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது அவளுக்கு அனுபவத்தில் தெரியும்.

கை வைத்தவரைப் பிடிக்க, மறுநாள் விடிந்ததும் வந்து கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஆறு நோயாளிகளும் கட்டிலில் உட்கார்ந்து படிவம் நிரப்பினார்கள். சிஸ்டர் பக்கத்தில் போகவே இல்லை. ஐந்து பேர் காலி வரிக்கு வந்ததும் யோசிக்காமல் பூஜ்யத்தைச் சுழித்தார்கள்.

ஆறாவது ஆள் மட்டும் பேனாவைப் பிடித்தபடி தன் தலையணையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நாலைச் சுழித்தார்.

"அவர் யாரு?"

"எதிர்த்தாப்ல கடை வெச்சிருக்கற தையல்காரர். வந்து ஒரு மாசமாச்சு" என்றார் சிஸ்டர். பிறகு, சற்றுத் தாழ்ந்த குரலில்: "நீங்களே கேட்டுப் பாருங்களேன் மேடம். உங்ககிட்டன்னா சொல்லுவாரு."

தையல்காரரின் கன்னங்கள் ஒட்டியிருந்தன. விரல் நுனிகளில் எல்லாம் ஊசி ஏறிய பொத்தல்கள்.

"கடைசி வரியில கேள்வியே இல்லையே. நாலு போட்டிருக்கீங்க?"

"கேள்வி இல்லன்னாலும் என்ன கேக்கறாங்கன்னு தெரியுதே."

"யார் உங்கள இப்படிப் போடச் சொன்னது? பயப்படாம சொல்லுங்க."

அவர் வாசலில் நின்ற சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் தரையைப் பார்த்தபடி காது கேட்காத தூரத்துக்கு நகர்ந்தார்.

"வேணாம் மேடம். தெரிஞ்சுக்காதீங்க."

"சொல்லுங்கன்னா."

பெருமூச்சு விட்டார். "அது எவ்வளவு கிட்ட வந்திருக்குன்னு கேக்கறாங்க. ஒண்ணுன்னா கால்மாட்டுல. ரெண்டுன்னா முழங்கால் பக்கம். மூணுன்னா இடுப்பு. நாலுன்னா தலமாட்டுல. கண்ண மூடினா போதும், பகலோ ராத்திரியோ, மெத்த அமுங்கும். ஒரு ஆள் கனம். முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். கண்ணத் தொறந்தா யாரும் இருக்க மாட்டாங்க. பள்ளம் மட்டும் இருக்கும். அந்தப் பள்ளம் மெதுவா..."

வாக்கியம் முடியவில்லை. தலை சாய்ந்தது. அடுத்த மூச்சில் குறட்டை.

சிஸ்டர் ஓடி வந்து போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினார்.

எல்லா நோயாளிக்கும் இப்படியா செய்வார்?

அன்று சாயங்காலம் பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோர இருக்கையில் மஞ்சள் வெயில். பக்கத்து இருக்கை காலி. அவள் கண்கள் தாமாகச் சொக்கின.

இருக்கையின் ஸ்பிரிங் முனகியது.

யாரோ உட்கார்ந்தார்கள். இடம் விடலாமென்று கண்ணை மூடியபடியே பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஈரத்துணி வாடை வந்தது.

கண்ணைத் திறந்தாள்.

ஒருவரும் இல்லை. ரெக்ஸின் உறையில் ஒரு பள்ளம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாக மேலே எழும்பிச் சமமானது.

மறுநாள் தையல்காரரின் படிவத்தில் பூஜ்யம். பதினாறு மணி நேரம் தூங்கி எழுந்து, இரண்டு தட்டு சாப்பிட்டாராம். அவள் அவருடைய கோப்பை எடுத்துப் புரட்டினாள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் ஒரு தொலைபேசி எண். உறவு: அக்கா. எண்ணை அழுத்தினாள்.

சிஸ்டரின் மேல்சட்டைப் பையில் மணி அடித்தது.

மருந்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "அதப் பத்திக் கேக்கறவங்களுக்கு அது போயிடும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் என்னை அனுப்பினீங்க."

சிஸ்டர் மறுக்கவில்லை. "உங்களுக்கு முன்னாடி இருந்த சார் ஒரு நோயாளிகிட்ட கேட்டு வாங்கிட்டாரு. மூணு வாரம் வார்டுல எல்லாரும் பூஜ்யம். அப்பறம் அவரு பேன்ட் அளவு குடுக்க என் தம்பி கடைக்குப் போனாரு. ஏன் சார் கண்ணு இப்படிச் செவந்திருக்குன்னு அந்தப் பைத்தியக்காரன் கேட்டுட்டான், அவரும் சொல்லிட்டாரு." கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அவனுக்கு ரெண்டு குழந்தைங்க மேடம்."

"எனக்கு யாருமில்லன்னு நெனச்சீங்களா? கூடப் பொறந்தவங்க நீங்க. நீங்க கேட்டிருக்கலாமே?"

சிஸ்டர் அலமாரிப் பக்கம் திரும்பினார். ஒரு மருந்துப் பெட்டியை எடுத்து, திருப்பி அதே இடத்தில் வைத்தார்.

"தைரியம் வரல" என்றார்.

திட்ட நினைத்தாள். அந்த ஒரு சொல்லுக்கு மேல் திட்ட ஒன்றும் இருக்கவில்லை.

அன்றே முடிவு செய்தாள்: யாரிடமும் சொல்வதில்லை. தன்னோடு போகட்டும். முடிவு எடுப்பது சுலபமாக இருந்தது. முதல் வாரத்துக்குள் முழங்கால், இடுப்பு என்று ஏறி, எட்டாம் நாள் தலையணை அமுங்கியது. கண்ணைச் சிமிட்டி மூடினால்கூடப் போதும், காதோரம் மெத்தை இறங்கியது. கேன்டீன்காரம்மா காபி ஆற்றிக்கொண்டே, "என்னம்மா, மூஞ்சி இப்படி வாடிப்போச்சு?" என்று கேட்டபோது, சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் இன்று தூங்கலாம். இந்த அம்மாவுக்கும் வீடு இருக்கிறது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

வீட்டில்தான் பாடு. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாளெல்லாம் கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்து உட்கார்ந்துவிட்டு வந்து, படுத்த மாத்திரத்தில் கட்டையாகிவிடுவார். அவரும் இப்போது அவளைக் கவனிக்கத் தொடங்கியிருந்தார்.

"என்னம்மா ஆச்சு? சொல்லு."

"ஒண்ணுமில்லங்க. வேலை ஜாஸ்தி."

"ஆபீஸ்ல யாராவது எதாவது சொன்னாங்களா?"

"இல்லன்னு சொல்றேன்ல!"

"பத்து நாளா எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. நான் கேட்டாலே எழுந்து போயிடற. எங்கிட்ட மறைக்கற அளவுக்கு என்னடி?"

அவர் கண்ணில் சந்தேகம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். சந்தேகப்படுகிறவனாவது தூங்குவான், தெரிந்துகொண்டவன் தூங்க மாட்டான்.

சொல்ல முடியாதது உள்ளே கிடந்து அழுத்தவே, ஒரு நோட்டில் எழுதினாள். எண்கள், தையல்காரர் சொன்னது, பஸ், பள்ளம், எல்லாம். எழுதுவது சொல்வது ஆகாதே. பீரோவில் துணிகளுக்கு அடியில் நோட்டை வைத்துப் பூட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கண் விழித்தபோது முகத்தில் வெயில் சுட்டது.

மணி பதினொன்று. உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. எத்தனை நாள் கழித்து! கையைக் காலை நீட்டி, வாய்விட்டுக் கொட்டாவி விட்டு, சிரித்தேவிட்டாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

தனக்குத் தூக்கம் வந்திருக்கிறது. அப்படியானால்?

பீரோ திறந்திருந்தது.

கூடத்துக்கு ஓடினாள். கணவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கண்கள் இரண்டும் ரத்தச் சிவப்பு. நோட்டு மடியில் மூடிக் கிடந்தது.

"முழுக்கப் படிச்சிட்டீங்களா?"

"படிச்சேன்."

"பாதியிலயாவது நிறுத்தியிருக்கலாமே! அதான் எழுதியிருக்கேனே, தெரிஞ்சுக்கிட்டா..."

"தெரிஞ்சுதான் மிச்சத்தயும் படிச்சேன்" என்றார். "நீ நல்லா தூங்கினியா?"

அவள் அவர் காலடியில் உட்கார்ந்து, கைகளைப் பிடித்துக்கொண்டாள். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

"எங்க இருக்கு? எப்படி இருக்கு? சொல்லுங்க. நான் கேக்கறேன்ல, என்கிட்ட சொல்லுங்க."

"ஒண்ணுமில்லம்மா" என்றார் அவர். "போய்ப் பல்லு விளக்கு. காபி போடறேன்."

"சொல்லுங்கன்னா!"

"ஒண்ணுமே இல்லன்னு சொல்றேன்ல."

எத்தனை கேட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. அழுதாள், அடித்தாள், கெஞ்சினாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தபடி இருந்தார். அசதியில் அவர் இமைகள் ஒரு கணம் மூடின.

சோபாவின் மறுகோடி இறங்கியது.

ஈர வாடை கூடத்தில் பரவியது. அவளுடைய தலைமேல் இருந்த கை நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள்.

கண்ணைத் திறக்காமலே அவர் கழுத்தை மெல்ல இடப்பக்கம் சாய்த்தார். காதைக் கொடுத்தார். யாரோ தாழ்ந்த குரலில், நிதானமாக, நீளமாக ஏதோ சொல்வதைக் கேட்கிறவர் மாதிரி.

பிறகு, "சரி" என்று தலையாட்டினார்.

எட்டு வருடப் படிவங்களில், ஓர் ஓரத்தில்கூட, அது பேசும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை.