மேல்வீட்டுக் குரல்

குளியலறைச் சுவரின் உச்சியில் இருந்த காற்றுத்துளைக்குள் யாரோ இருமினார்கள். துணி அலசிக்கொண்டிருந்த அவள் குழாயை மூடினாள். பழைய கட்டடம், மேல்வீட்டில் யாராவது தொண்டையைச் செருமியிருப்பார்கள் என்று எண்ணி மறுபடி குழாயைத் திறக்கப் போனபோது, துளையை மூடியிருந்த துருப்பிடித்த கம்பிவலையின் பின்னாலிருந்து, ஈரச் சுண்ணாம்பு வாடையோடு சேர்ந்து ஒரு பெண்குரல் மெல்ல இறங்கி வந்தது.

“சாப்டாச்சா?”

தமிழ். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு கணவனைத் தவிர யாரும் அவளிடம் நேரில் அந்த மொழியில் ஒரு வார்த்தை பேசியதில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அவன் விடிந்ததும் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவான். வந்ததும் சாப்பிட்ட கை காய்வதற்குள் தூங்கிவிடுவான்.

“ஆச்சுக்கா. நீங்க?”

“ம். அப்புறம்?”

அன்றிலிருந்து மத்தியானம் ஆனால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிடுவாள். அம்மாவோடு போட்ட சண்டை, வீடு கிடைக்காமல் கணவனின் சக தொழிலாளி வீட்டு ஹாலில் மூட்டை முடிச்சோடு கிடந்தது, கோபம் வந்தால் கணவன் அவளை ‘மகாராணி’ என்று கூப்பிடுவது, எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “அப்புறம்?” என்று மட்டும் கேட்டாள். சில நாளில் அக்காவும் அவளைப் போலவே ‘அதாவது வந்து’ என்று இழுக்கத் தொடங்கினாள். சிரிக்கும்போது அவளைப் போலவே கடைசியில் மூச்சை உள்ளே இழுத்தாள். பழக்கதோஷம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“மேல்வீட்டு அக்காவை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடணுங்க.”

கணவன் சாக்ஸைக் கழற்றியபடி நிமிர்ந்தான். “மேல ஏது வீடு? நம்மளதுதான் கடைசி மாடி. அதுக்கு மேல போற படி தண்ணித் தொட்டிக்கு.”

மறுநாள் காலை அவள் பழைய துண்டைச் சுருட்டிக் கம்பிவலைக்குள் திணித்தாள். குளியலறையில் வாயே திறக்கவில்லை. சுவருக்குள் ஏதோ உரசிக்கொண்டு நகர்ந்தது, சாக்குமூட்டையை இழுப்பதுபோல, நிதானமாக, குளியலறையிலிருந்து சமையலறைப் பக்கம், அங்கிருந்து படுக்கையறைப் பக்கம். அவள் எந்த அறைக்குப் போனாலும் அதுவும் கூடவே வந்து நின்றது.

தொலைபேசியில் அம்மா கேட்டாள். “என்னடி, குரல் இப்படிக் கம்மிப் போயிருக்கு? ஐஸ் தண்ணி குடிச்சியா?”

“இல்லம்மா” என்றாள். பாதிதான் வெளியே வந்தது.

விடுமுறை நாளில் அவள் அடுப்படியில் நின்றிருந்தபோது கணவன் கையில் துண்டோடு குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“துண்டு கேட்டியே, இந்தா.”

“நான் இங்க இருக்கேங்க.”

அவன் திரும்பினான். அவளைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். தள்ளித் திறந்தபோது உள்ளே யாரும் இல்லை. அவள் திணித்து வைத்த பழைய துண்டு மட்டும் பிழிந்து, மடித்து, தரையில் வைக்கப்பட்டிருந்தது.

“வேற வீடு பாத்துடலாங்க” என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தொண்டை எரிந்தது.

“விளையாடறியா? எத்தனை வீட்டு வாசல்ல நின்னோம்? வெளியூர்க்காரன்னு தெரிஞ்சதும் எத்தனை பேர் கதவைச் சாத்துனாங்க? குளிர் முடியட்டும், பாக்கலாம்.” அவன் முகமும் வெளிறித்தான் இருந்தது. “நாள் பூரா மோட்டார் சத்தம் கேட்டுக் கேட்டு என் காதுதான் பழுதாயிருக்கு.”

அடுத்த நாள் அவளுக்குக் கிசுகிசுப்புதான் மிச்சம். மருத்துவர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, ஓய்வெடுக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்.

அன்று இரவு கணவன் வந்து சாப்பிட உட்கார்ந்தான். குப்பைப் பை நாறியது. கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுக் கீழே போய்ப் போட்டுவிட்டு, படியேறி வந்தாள்.

கதவு சாத்தியிருந்தது.

உள்ளே கணவன் சிரித்துக்கொண்டிருந்தான். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவள் கேட்டிராத சிரிப்பு. வயிறு குலுங்கும் சிரிப்பு.

“அப்பாடா, மகாராணிக்கு ஒருவழியா குரல் வந்துருச்சு!”

“அதாவது வந்து...” என்றது உள்ளிருந்து அவளுடைய குரல். தெளிவாக. குழைவாக. கடைசியில் மூச்சை உள்ளே இழுத்து.

அவள் கதவைத் தட்டினாள்.

சிரிப்பு நின்றது.

“யாரு?” கணவன்.

நான். நான்தாங்க. வாய் திறந்தது. நாக்கு அசைந்தது. காற்று மட்டும் வந்தது. அடைத்த குழாயிலிருந்து வருவதுபோல வெறும் காற்று.

இரண்டு கையாலும் அறைந்தாள்.

நாற்காலி நகர்ந்தது. “நீ இரு, நான் பாக்கறேன்.”

“நீங்க சாப்பிடுங்க. நான் பாக்கறேன்.”

ஈரக் கால்கள். தரையில் பதிந்து, பிய்த்துக்கொண்டு, பதிந்து. கதவருகே வந்து நின்றன. வெளியே நிற்பவரைப் பார்க்கக் கதவில் பதித்திருந்த லென்ஸின் வெளிச்சம் அணைந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை கதவிடுக்கு வழியே கசிந்தது.

“யாருமில்லைங்க.”

சங்கிலி மாட்டும் சத்தம். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள்.

உள்ளே கணவன் மறுபடி சாப்பிடத் தொடங்கினான். பாத்திரத்தில் கரண்டி உரசியது.

லென்ஸ் இருட்டாகவே இருந்தது. அந்தக் கண் நகரவில்லை. இமைக்கவும் இல்லை.