இரண்டாவது பழுது

சினமானியில் சிவப்பு விளக்கு எரிந்தது. என்ஜின் முனகக்கூட இல்லை.

"மூச்சை இழுத்து விடு" என்றார் ஞானசேகர், பக்கத்து இருக்கையில் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு.

"விட்டாச்சு. இன்னும் எத்தனை வாட்டி விடணும்? உசுரையே விடவா?" செண்பகம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

கோபத்தோடு ஓட்டுகிறவர்களால்தான் பாதி விபத்து நடக்கிறது என்று எவனோ கண்டுபிடித்தான். உடனே சட்டம் வந்துவிட்டது. கார், வாடகை வண்டி எல்லாவற்றிலும் இருக்கைக்கு அடியில் ஒரு சினமானி. உட்கார்ந்திருப்பவரின் நாடியையும் வியர்வையையும் அது மோப்பம் பிடிக்கும். உள்ளே ஒரே ஒருவருக்குக் கோபம் இருந்தாலும் என்ஜின் கிளம்பாது; கிளம்பிய பிறகு கோபக்காரர் ஏறினாலும் நின்றுவிடும். யாருக்கு என்று மட்டும் சொல்லாது. சொன்னால் குடும்பம் உடைந்துவிடுமாம், என்ன ஒரு கரிசனம்! விபத்து குறைந்தது வாஸ்தவம்தான். கல்யாணத் தரகர்களின் பிழைப்பும் குறைந்தது. பெண் பார்த்துவிட்டுப் போகும் மாப்பிள்ளையின் வண்டி முதல் அழுத்திலேயே கிளம்புகிறதா என்று வாசலில் நின்று பார்த்து, அதை வைத்தே சம்பந்தம் பேசினார்கள். செண்பகத்தின் அப்பாவும் அப்படிப் பார்த்துத்தான் பெண்ணைக் கொடுத்தார்.

அந்த அப்பா இப்போது திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மதியம் இருதயத்தில் அறுவை சிகிச்சை. பிழைப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளே கொண்டுபோவதற்கு முன் மகளை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவள் தம்பி ராத்திரியே அழைத்து, அக்கா எடுக்காததால் விஷயத்தை அத்தான் ஞானசேகரிடம் சொல்லியிருக்கிறான். அத்தானோ காலையில் பல் விளக்கிக்கொண்டே அதைச் சொன்னார். கேட்டால், மறந்துவிட்டாராம். ஐம்பது பேரில் ஒருவருக்காவது கோபம் இருக்கும் என்பதால் பஸ்களை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். மதுரையிலிருந்து மதியத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ரயிலும் அதற்குள் போய்விட்டது.

அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்துக்கு ரபீக் சைக்கிளில் வந்து இறங்கினான். சினமானி மெக்கானிக். அவனிடமும் கார் உண்டு. அவன் குணத்துக்கு அது கிளம்பி மாசக்கணக்காகிறது.

பேட்டரியைப் பார்த்தான், ஸ்டார்ட்டரைத் தட்டினான், பானெட்டை அறைந்து மூடினான். "வண்டியில ஒரு எழவும் இல்ல. கோளாறு உங்ககிட்டதான்."

"இவதான் தம்பி." ஞானசேகர் சிரித்தார். "எப்பவும் இவதான். முன்னாடி வந்த மெக்கானிக்குகளும் இதைத்தான் சொன்னாங்க. மூக்கு மேல கோபம்."

செண்பகம் மறுக்கவில்லை. தன் கோபத்தால்தான் இந்த வீட்டில் வண்டி கிளம்புவதில்லை என்று அவளே நம்பினாள். யோகா வகுப்புக்குப் போனாள், மாத்திரை போட்டாள், மீனாட்சி சந்நிதியில் வேண்டிக்கொண்டு கண்ணீர் விட்டாள்.

ரபீக் பையிலிருந்து சினவரையை எடுத்து சினமானியில் மாட்டினான். கோபத்தைக் கோடாக வரையும் கருவி அது. "அண்ணே, எறங்குங்க."

அவர் இறங்கினார். சிவப்பு மாறவில்லை. திரையில் கோடு துள்ளிக் குதித்தது.

"பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். அக்கா, நீங்க எறங்குங்க. அண்ணே, நீங்க ஏறுங்க."

"நான் எதுக்கு? அதான் கண்டுபிடிச்சாச்சே!"

"ஒரு கோளாறு கெடச்சதும் மூட்டையக் கட்டுறவன் மெக்கானிக்கா? பேட்டரி செத்த வண்டியில டயர் பஞ்சராகாதா? ஏறுங்கண்ணே, எனக்கு வேற சோலி இருக்கு."

ஞானசேகர் சிரித்த முகத்தோடு ஓட்டுநர் இருக்கையில் தனியாக உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். சிவப்பு. மறுபடி அழுத்தினார். சிவப்பேதான்.

"அக்காவோடது ஏறி எறங்குது. காலையில வந்தது, சாயங்காலம் போயிரும்" என்றான் ரபீக், திரையைத் திருப்பிக் காட்டி. "உங்களுது பாருங்க. நேர்கோடு. வருஷக்கணக்கா ஊறுகாய் மாதிரி ஊறிக் கெடக்கு."

"யார் மேலங்க?" என்றாள் செண்பகம்.

அவர் பொத்தானை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். கல்லுளிமங்கன்.

"எங்கப்பா மேலயா?"

"பின்ன?" சிரிப்பு போய்விட்டது. "தலை தீபாவளியில, பந்தியில, அத்தனை பேர் முன்னாடி என்ன சொன்னாரு உங்கப்பா? 'மாப்பிள்ளைக்குச் சம்பளம் கம்மி, சாப்பாடு ஜாஸ்தி'ன்னாரா இல்லையா? எல்லாரும் சிரிச்சீங்களே!"

"அப்ப ராத்திரி போன் வந்ததை நீங்க மறக்கல."

"கெடந்து தவிக்கட்டும்னு நெனச்சேன். மனுஷன் ஒரு ராத்திரி தவிச்சா என்ன?"

ரபீக் சினவரையைக் கழற்றினான். "சண்டைய ஆரம்பிச்சுறாதீங்க சாமி. அப்புறம் இன்னைக்கு வண்டி கிளம்பாது."

சண்டை வரவில்லை. செண்பகத்துக்கு ஆத்திரம் பொங்கியிருக்க வேண்டும். அவளே அதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். வரவே இல்லை. இந்த மனிதனிடம் இனி கேட்பதற்கோ திருத்துவதற்கோ ஒன்றுமில்லை என்று தெரிந்தது. தெரிந்ததும் மனசு லேசாகிவிட்டது. அவளுக்கே பயமாக இருந்தது.

"எறங்குங்க" என்றாள். அவர் இறங்கியதும் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். பச்சை. என்ஜின் ஒரே அழுத்தில் உறுமியது.

"பாத்தியா! கோபம் போச்சுன்னா எல்லாம் சரியாயிடும்." ஞானசேகர் சுற்றி ஓடிவந்து பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினார். என்ஜின் நின்றது.

"எறங்குங்க. அப்பா காத்துக்கிட்டிருக்காரு."

அவர் இறங்கினார். மறுபடி பச்சை, மறுபடி உறுமல்.

"எப்ப திரும்பி வருவ?"

"வரமாட்டேன்."

"செண்பகம்! கோபத்துல எதையும் முடிவு பண்ணாத!"

அவள் கண்ணாடியை இறக்கி, எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கை விரலால் காட்டினாள்.

"எனக்குக் கோபமே இல்லீங்க. நீங்களே பாருங்க."

வண்டி குலுங்காமல் கிளம்பியது.