மொட்டைத் தறி

அமாவாசையன்று பதிவு செய்த பாட்டில் தறிச் சத்தம் கேட்டது.

ஆரணியில் அமாவாசைக்குத் தறி ஓடாது. அதற்காகவே அந்த நாளைப் பார்த்து, நெசவுக்காரப் பெண் தேவகியை அவள் வீட்டின் இதே கூடத்தில் பாடவைத்து டேப் ரெக்கார்டரில் பிடித்திருந்தான் ஜீவந்தரன். நேற்றுவரை சுத்தமாகக் கேட்ட கேசட். இப்போது அவள் குரலுக்கு அடியில், இரண்டு தெரு தள்ளி யாரோ நெய்வது போல, டக் டக் என்று விடாமல் ஒன்று. பேட்டரி இறங்கியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அதற்கு மேல் யோசிக்க உடம்பில் தெம்பில்லை.

சென்னையில் சினிமாப் படிப்பு, கடைசி வருஷம். நாலு நிமிஷத்தில் ஒரு பாட்டுப் படம் எடுத்தாக வேண்டும். எந்த வரிக்கு எந்தக் காட்சி, எத்தனை விநாடி என்று எழுதி நாளைக் காலையில் கல்லூரியில் நீட்டினால்தான் காமிரா கிடைக்கும். இல்லையென்றால் அது அடுத்தவனுக்கு. தேவகிக்கோ அதைவிட அவசரம். இரண்டு கேசட் கம்பெனிகள் அவளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டன. "இதுவும் போச்சுன்னா நான் பாடறதையே வுட்டுடுவேங்க" என்று போன வாரம் சொல்லியிருந்தாள். அந்தப் பேச்சு அவனை உறுத்திக்கொண்டே இருந்தது.

சென்னைக்கு ஏழரைக்குக் கடைசி பஸ். பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கு வைத்தபின் சாப்பிடாத ஜைன வீட்டுப் பிள்ளை அவன், இனி விடியும்வரை பட்டினிதான். பட்டு நூலின் கஞ்சி வாடையும், மழையில் நனைந்த சுவரின் வாடையும் கூடத்தில் நிறைந்திருந்தன.

தறியில் நெய்து முடித்தாலும் பழைய பாவின், அந்த நீளவாட்டு இழைகளின், முனையைச் சீப்புப் போன்ற அச்சிலேயே விட்டுவைத்து, புதுப்பாவை அதோடு இழைக்கு இழை முடிச்சுப் போடுவார்கள். தறி ஒருநாளும் காலியாக நிற்பதில்லை. அவன்தான் காலையில் அந்த முனையை அறுக்கச் சொன்னான். வெறும் அச்சின் பற்களுக்கு நடுவே அவள் முகம் தெரிய வேண்டும், அதுதான் முதல் காட்சி, எப்படி வரும் என்று இன்றே பார்த்து எழுத வேண்டும் என்றான்.

"மொட்டையா வுடக் கூடாதுங்க. காலியா கீற தறி தானா பாவு தேடிக்கும்பாங்க" என்றான் அவள் அண்ணன் பச்சையப்பன்.

"ஒரே நாள்தாங்க" என்றான் ஜீவந்தரன்.

"அறுத்துடுண்ணா" என்றாள் தேவகி. "என் பாட்டு வெளிய வரட்டும்."

பச்சையப்பன் கத்தரியை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனவன், இன்னும் திரும்பவில்லை. அவளே அறுத்தாள். மத்தியானம் தொண்டை கரகரக்கிறது என்று உள்ளறையில் போய்ப் படுத்தவள்தான்.

கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டான். தறிச் சத்தம் அடுத்த தெருவுக்கு வந்திருந்தது. குரல் மெலிந்திருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏழாம் காட்சிக்குப் பன்னிரண்டு விநாடி என்று எழுதினான். அடித்தான். மீண்டும் எழுதினான்.

இன்னொரு முறை போட்டான். சத்தம் இந்தத் தெருவில். குரலில் பாதி வார்த்தைகள் இல்லை. வாய் திறந்து மூடும் ஈரச் சத்தம் மட்டும்.

"தேவகிம்மா, எழுந்துட்டீங்களா?"

கேசட்டை மறுபடி பின்னுக்கு ஓட்டினான்.

கடைசி முறை. பாட்டே இல்லை. டக் டக் மட்டும், காதருகில்.

பொத்தானை அமுக்கினான். கேசட் நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

முதுகுக்குப் பின்னால்தான் தறி. எழுந்து வாசலைப் பார்த்து ஓடிவிடலாம். உள்ளே அவள் இருக்கிறாளே.

திரும்பினான்.

அவள் உள்ளே இல்லை. தறிக்குழியில் உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் கிடந்தன. கால்கள் மிதிக்கவில்லை. அச்சு பொருந்திய பலகை தானாக முன்னும் பின்னும் அடித்துக்கொண்டிருந்தது.

வாய் அகலத் திறந்திருந்தது.

அதிலிருந்து இழைகள். மெல்லிசாக, ஈரமாக, சிவப்பாக. விறைப்பாக நீண்டு அச்சின் பற்களுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு இழைக்கும் அவள் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. கண்கள் அவனையே பார்த்தன. உயிரோடுதான் பார்த்தன.

அச்சில் இன்னும் முக்கால் பங்கு காலியாக இருந்தது.