கண்ணாடிக்குப் பின்னால் நான்கு விரல் இடம்

வெள்ளையன் புழுவைச் சட்டை செய்யவே இல்லை. தண்ணீருக்குள்ளேயே ஆயுளைக் கழிக்கும் பல்லி மாதிரியான ஆக்ஸலாட்டல் என்கிற பிராணி அது; மற்ற நாளென்றால் இடுக்கியோடு சேர்த்துக் கவ்வ வரும். இன்று செவுள்களை விசிறிக்கொண்டு, வயிறு புடைக்கக் கண்ணாடித் தொட்டியின் அடியில் கிடந்தது.

பகலெல்லாம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முகம் தெரியாதவர்களின் கைகளைப் பிடித்து ரத்தம் எடுத்துவிட்டு வருகிறவளுக்கு, கணவன் விட்டுப்போன இந்த ஒரு வருடத்தில் பேச்சுத்துணை அது ஒன்றுதான். அதற்குச் சூடு ஆகாது, வெளிச்சம் ஆகாது. அதனால் ஞாயிறு மதியத்திலும் திரைகள் மூடி, பாசி வாசனையும் வடிகட்டியின் முணுமுணுப்புமாக, அறை கிணற்றுக்குள் போலக் குளிர்ந்து கிடந்தது.

மீன் கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

“ரெண்டு நாளா சாப்பிடலண்ணே. ஆனா வயிறு மட்டும் உப்பியிருக்கு.”

“தண்ணி எப்படிம்மா இருக்கு?”

“பளிச்சுன்னு இருக்கு. இந்த வாரம் நான் மாத்தவே இல்ல.”

“அப்ப வீட்ல வேற யாரோ நல்லா பாத்துக்கறாங்க. தீனியும் போட்டிருப்பாங்க, விடும்மா.” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கட்டிலடி, குளியலறை, பீரோ எல்லாம் பார்த்தாள். யாருமில்லை. தொட்டியின் முன் வந்து உட்கார்ந்தாள்.

வெள்ளையன் எழுந்தது. அதற்குக் கண்பார்வை மட்டு. பழகிய நிழல் கண்டால்தான் கண்ணாடியருகே வரும். வந்தது. ஆனால் அவளிடமல்ல. பின்பக்கக் கண்ணாடிக்கு. அங்கே சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் நான்கு விரல் இடம்தான்.

“டேய் வெள்ளையா, நான் இங்க இருக்கேன்டா.”

திரும்பவில்லை. வாயைப் பிளந்து காத்திருந்தது.

மூடி நகர்ந்தது.

ஒரு புழு இறங்கியது. விழவில்லை, இறக்கப்பட்டது. பதமாக. பிரியமாக.

ஓட நினைத்தாள். ஆனால் கண் அந்த நான்கு விரல் இடத்துக்குப் போனது.

அந்த இடுக்கில், கண்ணாடியோடு கண்ணாடியாக, தாள்போலத் தட்டையாக ஒரு முகம். வெளுத்த முகம். இமையில்லாத கண்கள். அவை வெள்ளையனைப் பார்க்கவில்லை.

அவளைப் பார்த்தன.

தொட்டிக்கு மேலாக ஈர விரல்கள் நீண்டன. நுனியில் இன்னொரு புழு. அவள் உதட்டருகே வந்து நின்றன.

குழந்தைக்கு ஊட்டுகிறவர்களைப் போல, அந்த முகம் முதலில் தன் வாயைத் திறந்து காட்டியது.

“ஆ...”