பாசி சூப் வைத்தது யார்?

பஸ் ஒன்பது மணிக்கு வந்துவிடும். இன்சுக் மகளின் பெட்டியை மூன்றாவது தடவையாகத் திறந்து மூடினாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே! மறுபடி நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகளைப் பத்து மாதம் பூட்டி வைத்துப் படிக்கவைக்கும் விடுதியின் பஸ் அது.

மகள் போரம் வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். "கெளம்பிட்டியா?" என்று அப்பா தேசிக் கேட்கும்போதெல்லாம் "ம்…" என்றாள். ஒரு வாரமாகக் குளியலறையில் கொத்துக் கொத்தாகக் கிடந்த அவள் முடியை இன்சுக்தான் யாருக்கும் தெரியாமல் காகிதத்தில் சுருட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வர்ற நவம்பர்லயாவது அடுப்புப் பக்கம் போகாம இரு, தாயே!" என்றாள் நாத்தனார் கும்ஜா. "பெத்த பொண்ணு பரீட்சைக்குப் போற காலையில, தனக்குப் பிறந்தநாள்னு பாசி சூப் வச்சுக் குடிச்சவ இந்த தேகு ஊர்லயே நீ ஒருத்திதான்!"

அந்த ஊரில் பிறந்தநாளென்றால் கடல்பாசி சூப் குடிக்க வேண்டும். தேர்வு நாளிலோ அந்த வழுவழுத்த பாசி வீட்டிலேயே இருக்கக் கூடாது. பிள்ளை தேர்வில் வழுக்கி விழுந்துவிடும் என்பது பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். போன நவம்பரில் இரண்டும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. கும்ஜா பானையைப் பார்த்துவிட்டாள். போரமின் மதிப்பெண்ணும் சரிந்தது. அதிலிருந்து அந்த வீட்டில் குற்றவாளி இன்சுக்தான்.

"என் தப்புதான் அண்ணி… நாக்கு கேக்கல."

"அத்தை, போதும்!" போரம் எழுந்தாள். "அந்த சூப்ப வச்சது நான்!"

"போரம், சும்மா இருடி…"

"நீ சும்மா இருந்தது போதும்மா! எல்லாரும் என் பரீட்சையத்தான் பார்த்தீங்க. அம்மாவுக்குப் பிறந்தநாள்னு யாருக்காவது ஞாபகம் இருந்துச்சா? விடியறதுக்கு முன்னாடி நான்தான் வச்சேன். ஒரு சொட்டுகூட என் வாயில படல. அங்க போய் உக்காந்ததும் பயத்துல எழுத்தே தெரியல. அதுக்குப் பாசி என்ன பண்ணும்?"

தொப்பியைக் கழற்றினாள். உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை.

"ஐயோ!" என்று கும்ஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீழே பஸ் ஹாரன் அடித்தது. தேசிக்கின் முகம் வெளுத்திருந்தது. "இன்சுக்… நீ என்ன சொல்ற?"

கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவளைக் கேளுங்க. இன்னொரு பரீட்சை வேணுமான்னு நாம யாருமே அவளைக் கேக்கல."

"வேண்டாம்ப்பா…" போரமின் குரல் உடைந்தது. "அங்க போனா நான் நானா திரும்பி வருவேனான்னு தெரியல."

ஹாரன் மறுபடி அடித்தது. தேசிக் பெட்டியைத் தொடவில்லை. வெறுங்கையோடு கீழே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது.

கும்ஜா அலமாரியின் கடைசித் தட்டில் தானே ஒளித்து வைத்திருந்த காய்ந்த பாசியை எடுத்துத் தண்ணீரில் ஊறப் போட்டாள். "இனிமே இந்த வீட்டுல பரீட்சை இல்லையே… நீ குடிக்கலாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சிரு இன்சுக். நானே வச்சுத் தரேன்."

ஓவென்று அழுத மகளை இன்சுக் இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பின்னந்தலையைத் தடவிய விரல்கள் சட்டென்று நின்றன. அங்கே இன்னொரு இடமும் வழவழவென்று வெறுமையாக இருந்தது.