சிவந்த கண்ணின் சத்தம்

ஆகஸ்டு மழையில் தில்லி கறுத்துக் கிடந்தது. லக்ஷ்மிபாய் நகரில் பஸ் ஏறிய சுஷ்மா, தன்னையே பார்த்து நின்ற அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரனைக் கவனித்தாள். இந்த இருட்டில் கூலிங் கிளாஸ் வேறு! பஸ் குலுங்கியது... அவன் குடை அவள் காலில் நறுக்கென்று குத்தியது.

"அரே! கண்ணு தெரியலையா?" கோபத்தில் தமிழ் வந்துவிட்டது.

"தெரியுதுங்க... ரெண்டு ரெண்டா தெரியுது. ரெண்டு பேருமே முறைக்கிறீங்க" என்றான் அவனும் தமிழில்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். மன்னிப்புக் கேட்கக் கண்ணாடியைக் கழற்றியிருந்தான். வலது கண் கறுகறுவென்று அழகாக இருந்தது. இடது கண்ணோ... ரத்தமாய்ச் சிவந்து, சற்றே முன்னால் தள்ளி நின்றது.

"மெட்ராஸ் ஐ. ஒட்டிக்கும், தள்ளி நில்லுங்க."

அவள் தள்ளி நிற்கவில்லை. அரசு மருத்துவமனையில் கண் மருத்துவ மேற்படிப்பு படிப்பவள். மெட்ராஸ் ஐ என்றால் பீளை எங்கே? விழி வெள்ளையில் ரத்தக் குழாய்கள் ஏன் இப்படி நெளிநெளியாய்ப் புடைத்திருக்கின்றன?

"தலையில எப்பவாவது அடி பட்டுதா?"

"ஜூன்ல ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்தேன். அதெல்லாம் ஆறிப்போச்சே..."

"தலைக்குள்ள சத்தம் கேக்குதா?"

அவன் முகம் மாறியது. "யார்ட்டயும் சொல்லல, பைத்தியம்னுருவாங்க. நாடி துடிக்கிற மாதிரி... உஸ்... உஸ்னு... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அச்சா, என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"மோதி பாக் ஸ்கூல்ல கணக்கு வாத்தியாருங்க நான். பசங்க காத்திருப்பாங்க."

"கணக்கு எங்கயும் போகாது. கண்ணு போயிடும்!"

திருநெல்வேலியிலிருந்து வந்த ஜோதிலிங்கத்தை அதுவரை யாரும் இப்படி அதட்டியதில்லை. அவள் பின்னாலேயே போனான்.

மூடிய இமைமேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள் சுஷ்மா. உஸ்... உஸ்... அவன் சொன்ன அதே சத்தம்! பெரிய டாக்டரோ எட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஃபெக்‌ஷன், சொட்டு மருந்து போதும்" என்றார். அவள் வழிமறித்தாள். "சார், ஒரே ஒரு தடவை நீங்களே கேளுங்க." கேட்டார். அடுத்த நிமிடமே தலையின் ரத்தக் குழாய்களைப் படமெடுக்க ஆஞ்சியோகிராமுக்கு எழுதிக் கொடுத்தார்.

"மூளைக்குப் போற ரத்தக் குழாய், ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்த அன்னிக்கே கிழிஞ்சிருக்கு. அந்த ரத்தம் கண்ணுக்குப் பின்னாடி பாயுது" என்று படத்தைக் காட்டினாள்.

"பார்வை போயிருமா?"

"விட மாட்டேன்."

தொடை வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, சின்னஞ்சிறு பலூனால் கிழிசலை அடைத்தார்கள். சத்தம் நின்றது. "எவ்ளோ அமைதியா இருக்கு..." என்று அவள் கையைப் பற்றிக்கொண்டான். கையை விடுவிக்கவே அவளுக்கு மனம் வரவில்லை... அங்கேதான் பயந்தாள்.

மறுநாளிலிருந்து அவனைப் பார்க்க வேறு டாக்டர் வந்தார்.

அக்டோபரில் ஒரு மாலை, மருத்துவமனை வாசலில் ஜோதிலிங்கம் நின்றிருந்தான். இரண்டு கண்களும் தெளிந்திருந்தன. குரலில்தான் கொதிப்பு.

"நல்லாயிருக்கேன், சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன். நான் உங்களுக்கு ஒரு கேஸ், அவ்வளவுதானே? முடிஞ்சதும் எட்டிக்கூடப் பாக்கலையே!"

அவன் திரும்பி நடந்தான். இப்போது விட்டால்... சுஷ்மா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"நான்தான் வேற டாக்டரைப் போடச் சொன்னேன்."

"ஏனாம்?"

"உங்க கண்ணைப் பாத்தா... டாக்டரா பாக்க முடியல. வைத்தியம் பாக்கறவ அப்படிப் பாக்கக் கூடாது, இல்லையா? அதான்..."

அவன் கோபம் போன இடம் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. அப்பாகிட்ட நானே பேசறேன்."

"என்னன்னு?"

"இவரைத்தான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு."

"எங்கிட்டக் கேக்கவே இல்லையே!"

சுஷ்மா நிமிர்ந்து நின்றாள். கன்னம் சுட்டது, பார்வையை மட்டும் தாழ்த்தவில்லை.

"சரி, கேக்கறேன். சம்மதமா?"

"சம்மதம்" என்றான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.