மூன்று சுழிக் காலணி

வாசல் மிதியடியில் கிடந்த அந்தச் சின்னச் செருப்பு அவர்கள் வீட்டுடையது இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், தண்ணீர் கேன் வந்துவிட்டதா என்று கதவைத் திறந்தவர் கண்ணில் அதுதான் பட்டது. இரண்டு வயதுக் குழந்தை போடுகிற அளவு. மேலே மாவு மாதிரி சாம்பல் தூசி அப்பியிருந்தது. முனை இரண்டும் வீட்டைப் பார்த்து இருந்தன, யாரோ கழற்றிவிட்டு உள்ளே வந்த மாதிரி. பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கும் என்று கதவைச் சாத்தினார். பக்கத்து வீடு எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்பது நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. மறுபடி எழுந்திருக்க முடியாது. திரையில் ஒரு சாம்ராஜ்யம் காத்துக்கொண்டிருந்தது.

அவர் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் மெய்ப்புத் திருத்துபவர், இருபத்திரண்டு வருட அனுபவம். எதைக் கொடுத்தாலும் முதல் இரண்டு பக்கத்தைச் சிவப்புப் பேனாவால் குதறுவார். மிச்சத்தைப் புரட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் ‘பிழையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பிழையில்லை என்றாகிவிட்டது. அதை ஒரு பட்டம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

போன வாரம் வந்தது ஒரு விண்வெளி விளையாட்டு. கோள்களைப் பிடித்து, அவற்றில் காலனிகளை நிறுவி, படிப்படியாக வளர்த்துப் பேரரசு ஆக்க வேண்டும். நானூறு பக்கத்தையும் வழக்கம்போலப் பிழையில்லை ஆக்கி அனுப்பினார். ஒருமுறை ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று விளையாட்டை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். காலையிலிருந்து அவர் சக்கரவர்த்தி. முதல் கோளுக்குப் பெயர் கேட்டபோது ‘நம் வீடு’ என்று தட்டினார். நிஜ வீட்டில் மின்விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதைக்கூட யாரும் அவரிடம் கேட்பதில்லை. இங்கேயாவது ஆளலாம்.

இப்போது திரையில் ஓர் அறிவிப்பு மின்னியது: ‘நம் வீடு கோளில் முதல் காலணி நிறுவப்பட்டது.’

சிரித்தார். அப்புறம் வியர்த்தது. ரெண்டு சுழி ன போட்டால் குடியிருப்பு. மூணு சுழி ண போட்டால் காலில் மாட்டுவது. அனுப்பிய கோப்பைத் திறந்து தேடினார். நானூற்றுப் பன்னிரண்டு இடம். எல்லாமே மூணு சுழி.

திட்ட மேலாளரைக் கூப்பிட்டு, மற்றவர்கள் கண்ணில் படாத ஒரு நுட்பம் தம் கண்ணில் பட்டுவிட்டதாகவும், ஓர் எழுத்தை மாற்றினால் மொழிக்கு மரியாதையாக இருக்கும் என்றும் சுற்றி வளைத்துச் சொன்னார்.

“கோப்பெல்லாம் பூட்டியாச்சு சார், இனி மாத்த முடியாது,” என்றாள் அவள். “நீங்கதான பிழையில்லைன்னு போட்டுக் குடுத்தீங்க?”

யார் படிக்கப் போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டு ஆட்டத்துக்குத் திரும்பினார். குடியேற்றத்துக்குத் தண்ணீர் ஒதுக்கினார், உணவு ஒதுக்கினார், காற்று ஒதுக்கினார். இரண்டாம் நிலை வந்தது. அடுத்த அறையில் ஒன்பது வயது மகள் வீட்டுப்பாடம் எழுதும் பென்சில் சத்தமும், சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவும் குழாய்ச் சத்தமும் எப்போதும்போலக் கேட்டன. அந்த இரண்டுக்கும் நடுவே, ஈரமில்லாத தரையில் வெறுங்கால் ஒன்று மெதுவாக ஒட்டி ஒட்டி எடுபடுகிற சத்தம் மூன்றாவதாகக் கேட்டது. தீக்குச்சி அணைந்த பிறகு வருமே, அந்த வாசனையும் வந்தது. மூன்றாம் நிலை. நான்காம் நிலை.

“ஏங்க,” என்று மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். “யாரு வந்திருக்கா? குப்பை வைக்கப் போனேன், வாசல்ல செருப்பு கிடக்கு.”

“அது ஏதோ குழந்தையோடது.”

“குழந்தையோடதா? உங்க காலுக்கே பெருசா இருக்கும்.”

போய்ப் பார்த்தார். அதே செருப்பு. அதே தூசி. அளவு மட்டும் வேறு. கையை உள்ளே விட்டார். சூடாக இருந்தது.

திரும்பியபோதுதான் தரையைக் கவனித்தார். வாசல்படியிலிருந்து கூடம் வரைக்கும் சாம்பல் நிறத்தில் வெறுங்கால் தடங்கள். முதல் தடம் இரண்டு வயதுக் குழந்தையின் உள்ளங்கால் அளவு. அடுத்தது கொஞ்சம் பெரிது. அதற்கடுத்தது இன்னும். கடைசித் தடம் அவர் காலைவிட நீளம். அது அவர் நாற்காலிக்குப் பின்னால் முடிந்திருந்தது.

மனைவி டீ கொண்டுவந்தாள். தட்டில் ஒரு டம்ளர் கூடுதலாக இருந்தது.

“அவருக்குச் சர்க்கரை போடலாமா, கேளுங்க.”

“யாருக்கு?”

“இவ்வளவு நேரம் உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்தாரே. உட்காரச் சொல்ல மாட்டீங்களா?” அடுப்பில் பால் இருப்பது நினைவுக்கு வந்து வேகமாக உள்ளே போய்விட்டாள்.

அவருக்கு மூச்சு வாங்கியது. ஜன்னல் திறந்துதான் இருந்தது. திரைச்சீலை அசையவில்லை. காற்றே இல்லாத மாதிரி. திரைக்கு முன்னால் வந்து, குடியேற்றத்தைக் கைவிட ஏதாவது வழி இருக்கும் என்று பட்டியல் பட்டியலாகத் திறந்தார். நீக்கு இல்லை. அழி இல்லை. வளர் மட்டும் இருந்தது. பிடரியில் யாரோ சாம்பலை ஊதிய மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. அப்போது ஒரு பெட்டி திறந்தது. நாலு வரி எழுத்து. கீழே ஆம், இல்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கைக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். மேலே என்ன இருந்தாலும் கீழே ஒப்புதல் போடுவது.

‘ஆம்’ அழுத்திவிட்டார்.

அப்புறம் படித்தார். பெட்டி மங்கி மறைவதற்குள், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒவ்வொரு எழுத்தாக.

‘ஐந்தாம் நிலைக்கு வளர நம் வீட்டில் இடம் போதவில்லை. அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களை வெளியேற்றலாமா?’

அதில் ஒரு பிழையும் இல்லை.

பென்சில் சத்தம் நின்றது.

“பாப்பா.”

அறைக்கு ஓடினார். நோட்டு விரிந்திருந்தது. ஒரு சொல் பாதியில். பென்சில் மேசையில் உருண்டுகொண்டிருந்தது.

சமையலறை. பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. குழாய் திறந்தபடி. அவள் இல்லை.

பின்னால் கூடத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்தார்கள். கனமாக.

வாசலுக்கு ஓடினார். கதவு திறந்து கிடந்தது. மாடிப்படி இல்லை. எதிர்வீடு இல்லை. சாம்பல் தரை மட்டும், பார்க்கிற தூரம் வரைக்கும். மேலே கறுப்பு. சத்தம் என்று ஒன்றுமே இல்லை.

தரையில் இரண்டு பேருடைய வெறுங்கால் தடம். ஒன்று பெரியது. ஒன்று சின்னது. பதினோரு அடி சேர்ந்தே போயிருந்தன. பதினோராவது அடியில் சின்னது நின்றுவிட்டது. பெரியது இன்னும் மூன்று அடி போய், திரும்பி, சின்னதிடம் வந்திருந்தது. அதற்கப்புறம் எதுவும் இல்லை.

உள்ளே, சமையலறைக் குழாயை யாரோ மூடினார்கள்.

அவர் குனிந்தார். மிதியடியில் அந்தப் பெரிய செருப்பு, முனை வீட்டைப் பார்த்து. பக்கத்தில் அவருடைய பழைய செருப்பு, துடைத்து, ஜோடி சேர்த்து, முனை வெளியே பார்க்கத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.